மகாராணியின் சரிந்த இமை

போன வாரம் பாதித் தட்டு ரசம் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுத் தனுஜா எழுந்து போனாளே, அதைக் குப்பையில் கொட்டியவள் துளசி. கொட்டிய கையோடு கரண்டியைத் தொட்டியில் கொஞ்சம் பலமாகப் போட்டாள்.

அவள் சமையலை வேண்டாம் என்று ஒதுக்க அந்த வீட்டில் இதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

பாயான் பாருவில் ஒரே கூரையின் கீழ் இரண்டு மருமகள்கள். மூத்தவள் துளசி. கணவன் குணாளன் அக்கரையில் பிறை ஊரில் லாரி ஓட்டுகிறான், வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவான், தூங்குவான். இளையவள் தனுஜா. கணவன் ஹரீஷ் பக்கத்திலேயே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இன்ஜினியர். வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டியைத்தான் முதலில் தேடுவான். இரண்டு பேருக்கும் ஒரே மாமியார், நவமணி. அந்த ஒரே மாமியாரும் கொஞ்ச நாளாக ஒரு பக்கமாகவே சாய்ந்துகொண்டிருந்தார்.

காரணம், தனுஜாவுக்கு உடம்பு சரியில்லை.

அதாவது, சரியில்லை என்று அவள் சொல்கிறாள். காலையில் குளித்து, மை தீட்டி, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பசியாற வருவாள். சாயங்காலம் ஆனால் இடது இமை பாதிக் கண்ணில் இறங்கி நிற்கும். பார்ப்பதெல்லாம் ரெட்டை ரெட்டையாகத் தெரிகிறது என்பாள். சூலியா தெருவில் கண்ணாடி மாற்றியாயிற்று. மாற்றிய பிறகும் ரெட்டைதான். பேச்சு மூக்கு வழியாக வரும். பாத்திரம் கழுவுகிற நேரம் பார்த்துக் கை ஓய்ந்துவிடும்.

“பகல்ல டிக்டாக் பாக்க கை ஓயல. பாத்திரத்துக்கு மட்டும் ஓயுது,” என்று துளசி குணாளனிடம் சொன்னாள்.

“ம்,” என்றான் குணாளன். அவன் தூங்கிவிட்டிருந்தான்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தலைவாரல்தான் தாங்கவில்லை.

மூன்று நாளைக்கு முன்பு, சாயங்காலம், ஹாலில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஹரீஷ் சோபாவில் உட்கார்ந்து, கீழே உட்கார்ந்திருந்த தனுஜாவின் தலையை வாரிவிட்டான். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லையாம். சிக்கை ஒவ்வொன்றாக விரலால் பிரித்து, வலிக்குதா, வலிக்குதா என்று கேட்டுக் கேட்டு வாரினான்.

துளசி போன மாதம் முடியைத் தோள் வரை வெட்டிக்கொண்டு வந்தாள். குணாளன் இன்னும் கவனிக்கவில்லை.

அந்தத் தலைவாரலை அவள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று போனில் வீடியோ எடுத்தாள். அது முதல் வீடியோ அல்ல. ஒரு மாதமாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் சிரிக்கிற தனுஜா. அதே நாள் சாயங்காலம் கண் சொருகிய தனுஜா. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் நடிப்பு யாருக்கும் புரியும் என்பது அவள் கணக்கு. தலைவாரலை மட்டும் அடக்க முடியாமல் நாத்தனார் ஜெகதீஸ்வரிக்கு அனுப்பிவிட்டாள். ‘பாருங்க அண்ணி, மகாராணிக்கு சேவகம்’ என்று கீழே எழுதி.

ஜெகதீஸ்வரி வாய்விட்டுச் சிரிக்கிற மஞ்சள் முகம் ஐந்தைப் பதிலாக அனுப்பினாள்.

இன்று வெள்ளிக்கிழமை. ஜார்ஜ்டவுன் ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பார்க்கத் தனுஜாவுக்கு நாள் கிடைத்திருந்தது. ஹரீஷுக்கு லீவு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் மூன்று மாதப் பயிற்சிக்குத் தைவான் போகிறான், அதற்குள் இங்கே வேலையை ஒப்படைத்தாக வேண்டும். குணாளன் லாரியில் போய்விட்டால், காடி ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் வீட்டில் துளசிதான்.

துளசி சாமி ரூமில் விளக்கேற்றும்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொண்டாள். டாக்டர் ‘இவளுக்கு ஒண்ணும் இல்ல’ என்று சொல்லிவிட வேண்டும். அவர் வாயால், சத்தமாக.

“அக்கா, பசியாறியாச்சா?”

தனுஜா வந்து நின்றாள். பச்சைச் சுடிதார், அதே நிறத்தில் பொட்டு, கண்ணில் மை. இரண்டு இமையும் அழகாக ஏறி நின்றன.

“ஆஸ்பத்திரிக்குப் போறோமா, கல்யாணத்துக்கா?” என்றாள் துளசி.

“சீக்காளி மாதிரி போனா டாக்டரு நெசமாவே சீக்காளின்னு நெனச்சிடுவாரு லா.”

இதையெல்லாம் கேட்க அத்தை பக்கத்தில் இருக்க மாட்டாரே என்று துளசிக்கு ஆத்திரமாக இருந்தது.

வாசலில் ஹரீஷ் காடியின் பின் இருக்கையில் இரண்டு தலையணையை அடுக்கிக்கொண்டிருந்தான். “அண்ணி, இவ பின்னாடி சாஞ்சுக்கட்டும், சரியா? முன்னாடி உக்காந்தா ரோடு ரெட்டையா தெரியுதாம், கொமட்டுது.”

“சரி தம்பி. மேடம் பின்னாடி, டிரைவர் முன்னாடி.”

ஹரீஷ் சிரித்தான். அவன் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டான்.

“மெதுவா ஓட்டு துளசி,” நவமணி கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “புள்ளைக்குத் தல சுத்தப் போவுது.”

புள்ளை! அந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருடத்தில் துளசியை யாரும் ஒரு தடவைகூட ‘புள்ளை’ என்றதில்லை. கண்ணாடியில் பின் இருக்கையைப் பார்த்தாள். புள்ளை தலையணையில் சாய்ந்து டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.

*

டாக்டர் தயாளனுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். தனுஜாவின் கண்ணில் டார்ச் அடித்தார். விரலைப் பின்தொடரச் சொன்னார். கையை அழுத்திப் பார்த்தார். முட்டியில் தட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. இருக்காதா பின்னே? மணி ஒன்பது. வழியெல்லாம் தலையணையில் ஓய்வு எடுத்துக்கொண்டு வந்தவள்.

“இப்போதைக்குக் கண்ணும் நல்லா இருக்கு, கையும் நல்லா இருக்கு. தூக்கம் சரியா வருதாம்மா? ஆபீஸ்ல டென்ஷனா?”

“ஆபீஸ்ல லீவு போட்டிருக்கேன் டாக்டர். டென்ஷன்லாம் ஒண்ணும் இல்ல.” தனுஜாவின் முகம் சுருங்கியது. “சாயங்காலம் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“சரி, எடை, பிரஷர் பாத்துட்டு வாங்க.”

நர்ஸ் இமான் அவளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார்.

துளசி அத்தோடு விட்டிருக்கலாம். டாக்டர் ஏறக்குறைய அவள் வேண்டிக்கொண்டதைத்தான் சொல்லப்போகிறார். ஆனால் ‘டென்ஷன்’ போதாது. டென்ஷன் என்று எழுதிக் கொடுத்தால் வீட்டில் மகாராணிக்கு இன்னும் இரண்டு தலையணை கூடும், அவ்வளவுதான்.

“டாக்டர், ஒரு விஷயம். அவ முன்னாடி சொல்ல முடியாது.”

“சொல்லுங்க. நீங்க அவங்களுக்கு...?”

“ஓரகத்தி. மூத்த மருமக. அவளுக்குச் சீக்கும் இல்ல, டென்ஷனும் இல்ல டாக்டர். நடிப்பு.”

டாக்டர் பேனாவை வைத்தார்.

“நான் சும்மா சொல்லல. ஆதாரம் இருக்கு.” துளசி போனை மேசையில் வைத்து அவர் பக்கம் திருப்பினாள். “இது காலையில. பாத்தீங்களா, எப்படிச் சிரிக்கிறா? இது அதே நாளு, சாயங்காலம். கண்ணப் பாருங்க. அத்தை வந்ததும் கண்ணு சொருகிடும். இது பாத்திரம் கழுவுறது. மூணாவது தட்டுல கை தானா எறங்குது பாருங்க. இது... இது என்னைப் பாத்து நக்கலா சிரிக்கிறது.”

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“அந்தச் சிரிப்பத் திரும்பப் போடுங்க.”

துளசி உற்சாகமாகப் போட்டாள்.

“இன்னொரு தடவ.”

போட்டாள்.

“இன்னும் இருக்கா?”

“நெறைய இருக்கு டாக்டர்!”

தலைவாரும் வீடியோ வந்தது. திரையில் ஹரீஷின் விரல்கள். அவன் ஏதோ சொல்ல, தனுஜா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்க முயன்றாள். கை ஒன்று தலைக்குப் போகக் கிளம்பி, காது வரை ஏறி, மடியில் விழுந்தது. டாக்டர் விரலால் நிறுத்தி, பின்னால் ஓட்டி, அந்தக் கையை மூன்று தடவை பார்த்தார்.

“இத யாரு எடுத்தது?”

“நான்தான்.”

“ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க,” என்றார் டாக்டர். “ஒரே ஆள், காலையும் சாயங்காலமும், தேதியோட. பேஷன்ட்டுங்க கிட்ட நான் கெஞ்சிக் கேக்கிறது இதத்தான். யாரும் கொண்டு வர மாட்டாங்க.”

துளசிக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. அடுத்த நொடி என்னவோ தப்பாகப் போகிறது என்று தோன்றியது.

“டாக்டர், நான் சொன்னது நடிப்பு...”

“நடிக்கிறவங்களால மூஞ்சிய இப்படி வெச்சுக்கவே முடியாதும்மா. இந்தச் சிரிப்பப் பாருங்க. மேல் உதடு மட்டும் தூக்குது. ஓரம் ரெண்டும் மேல போகவே இல்ல. இது நக்கல் இல்ல. அவங்க உங்களப் பாத்து சிரிக்க முயற்சி பண்றாங்க. தசை வரல.”

கதவு திறந்தது. தனுஜா உள்ளே வந்தாள். மேசையில் இருந்த போனில் அவளே இருந்தாள், கை மடியில் விழுந்த நிலையில்.

அவள் போனைப் பார்த்தாள். துளசியைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். ஏதாவது கேட்டிருந்தால்கூடத் தேவலை.

*

“மேல, அந்த விளக்கப் பாருங்க. இமைய எறக்கக் கூடாது. அப்படியே,” என்றார் டாக்டர்.

தனுஜா கூரையைப் பார்த்தாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு, மெதுவாக, கடை ஷட்டர் இறங்குவது மாதிரி இடது இமை இறங்கியது. காலை நேரத்தில், வீட்டு வேலை ஒன்றும் செய்யாமல், அத்தை பக்கத்தில் இல்லாமல்.

டாக்டர் திரும்பினார். “அது என்ன, ஐஸா?”

துளசியின் நாற்காலியில் ஐஸ் போட்ட தேநீர், ஒரு தே ஐஸ் பாக்கெட், தொங்கிக்கொண்டிருந்தது. வரும் வழியில் ஒட்டுக்கடையில் தாப்பாவ் பண்ணி, கட்டி வாங்கி வந்தது. வேண்டுமென்றே தனக்கு மட்டும் ஒன்று வாங்கியிருந்தாள்.

“எங்க பிரிட்ஜ் ரிப்பேரு. குடுங்க, கடன் வாங்கிக்கிறேன்.”

அவர் பாக்கெட்டை டிஷ்யூவில் சுற்றித் தனுஜாவின் மூடிய இடது கண்மேல் வைத்தார். கையில் பிடித்துக்கொள்ள அவளுக்குச் சிரமமாக இருந்தது. “நீங்க புடிங்க,” என்றார் துளசியிடம்.

துளசி பிடித்தாள். ஓரகத்தியின் முகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அவள் வந்ததே இல்லை. கன்னத்தில் தண்ணீர் ஓடியது. ஐஸ் தண்ணீர்தான். அப்படித்தான் துளசி நினைத்துக்கொண்டாள்.

“போதும். கண்ணத் தெறங்க.”

இமை ஏறி நின்றது. காலையில் போல, முழுதாக.

“குளிர் பட்டா கொஞ்ச நேரம் தசை வேலை செய்யும். டென்ஷன்னா ஐஸுக்குக் கேக்காது.” டாக்டர் தனுஜாவைப் பார்த்துப் பேசினார். “மயஸ்தீனியான்னு சொல்வோம். நரம்பு தசைக்குச் சேதி அனுப்புது. தசையோட வாசல்ல யாரோ பூட்டுப் போட்டிருக்காங்க. தூங்கி எழுந்ததும் தள்ளித் தெறக்க முடியும். வேலை செய்யச் செய்ய முடியாது. ரத்தம் எடுப்போம், ரிசல்ட் வர நாளாகும்.”

“பூட்டுப் போட்டது யாரு டாக்டர்?” தனுஜா கேட்டாள்.

“உங்க ரத்தத்துல இருக்கிற எதிர்ப்பு சக்திதான். நோயோட சண்டை போட வேண்டியது, உங்களோடயே சண்டை போடுது. அதுக்கு இப்படித் தப்பாப் பாடம் சொல்லிக் குடுக்கிற வாத்தியாரு சில பேருக்கு நெஞ்சுக்குள்ள உக்காந்திருப்பாரு. அதனால நெஞ்சையும் ஸ்கேன் பண்ணிப் பாத்துடுவோம். இன்னிக்கு ஒருத்தர் வரல, எடம் இருக்கு. இருந்து முடிச்சிட்டுப் போங்க.”

ஸ்கேன் அறைக்கு வெளியே இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

“எத்தனை வீடியோ இருக்கு க்கா?”

“...எண்ணல.”

“ஒரு மாசமாவா?”

துளசி போனைக் கைப்பைக்குள் தள்ளினாள்.

“நான் ஒங்களப் பாத்து சிரிச்சப்பல்லாம் நீங்க ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிறீங்கன்னு யோசிச்சேன்,” என்றாள் தனுஜா. “இப்பத்தான் தெரியுது.”

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனாள்.

*

இரண்டாவது தடவை உள்ளே போனபோது டாக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு நெஞ்சு, குறுக்கே வெட்டிய மாதிரி.

“இது நெஞ்செலும்பு. இது இதயம். ரெண்டுக்கும் நடுவுல தைமஸுன்னு ஒரு சுரப்பி. சின்ன வயசுல எதிர்ப்பு சக்திக்குப் பள்ளிக்கூடம் அதுதான். வயசு ஏற ஏற சுருங்கிக் கொழுப்பாயிடும். உங்களுக்கு அதுல ஒரு கட்டி இருக்கு.” பேனா முனையால் காட்டினார். கோழி முட்டை அளவு. “பெரும்பாலும் தைமோமாவா இருக்கும்.”

“கேன்சரா?” தனுஜாவின் குரல் ஏற்கெனவே மூக்குக்குள் போயிருந்தது.

“அந்த வகையிலதான் சேத்திருக்கு. ஆனா அதுல ரொம்பப் பேருக்கு மெதுவா வளர்றதுதான். ரொம்ப அரிது. வருஷத்துக்கு இங்க நான் பாக்கிறதே ஒண்ணு ரெண்டு பேரு.”

அரிது. துளசியின் மனம் அந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டது. அந்த நேரத்தில்கூட! நோயில்கூட இவளுக்கு வருஷத்துக்கு ஒருத்தருக்கு வருவதுதான் வந்திருக்கிறது. துளசிக்கு இதுவரை வந்ததெல்லாம் கேஸ்ட்ரிக். நினைத்த உடனே தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டாள்.

“ஊசி குத்திப் பாப்பீங்களா டாக்டர்?” ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

“நல்ல கேள்வி. இதுல ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு, ரத்தக் குழாயில ஒட்டின மாதிரி தெரியல. இப்படி முழுசா எடுக்க முடியும்னு தோணுற கட்டிய முன்னாடியே குத்த மாட்டோம். உறை ஓட்டையானா உள்ள சிந்திடும். சுரப்பியோட சேத்து மொத்தமா ஆபரேஷன்ல எடுத்துடுவோம். எடுத்த பெறகு லேப்ல பாத்துத்தான் சாதுவா முரடான்னு சொல்ல முடியும். தேவைப்பட்டா ரேடியேஷன். முரட்டு வகைன்னா கீமோவும் வரலாம்.”

“எடுத்துட்டா கண்ணு சரியாயிடுமா?”

“நெறைய பேருக்குக் கொஞ்சங் கொஞ்சமா நல்லாகுது. சத்தியம் பண்ண மாட்டேன். அதுக்கு முன்னாடி மாத்திரையில உங்க தசைய பலப்படுத்தணும். மூச்சுத் தசை, தொண்டைத் தசை பலமா இல்லாம மயக்க மருந்து குடுத்தா ஆபத்து.” அவர் நிமிர்ந்தார். “அதனால இதுக்கு யோசிச்சுப் பதில் சொல்லுங்க. சாப்பாடு முழுங்கக் கஷ்டமா இருக்கா? தண்ணி குடிச்சா மூக்குல வருதா? இருந்தா இன்னிக்கே வார்டுல சேத்துடுவேன்.”

“இல்ல டாக்டர்,” என்றாள் தனுஜா. யோசிக்கவே இல்லை.

துளசிக்குப் பாதித் தட்டு ரசம் சோறு கண்முன் வந்தது. முழுங்க முடியாமல் இல்லை, முழுங்கப் பிடிக்காமல் வைத்தது. அதை எதற்கு டாக்டரிடம் சொல்வது? வாயை மூடிக்கொண்டாள்.

“வந்தா ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது, நேரா எமர்ஜென்சி. புதன்கிழமை சர்ஜன் இருப்பாரு. வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க.”

*

சாயங்காலம் பாயான் பாருவுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஜாம். தனுஜா இந்தத் தடவை முன்னால் உட்கார்ந்தாள். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டால் ஒரே ரோடு தெரிகிறதாம்.

“அக்கா, அவருக்கு இன்னிக்குச் சொல்லாதீங்க.”

“என்னது? ஹரீஷுக்கா? பைத்தியமா ஒனக்கு?”

“சொன்னா தைவான் போக மாட்டாரு. இந்தச் சான்ஸுக்கு நாலு வருஷம் காத்திருந்தாரு. பிளைட் ஏறட்டும். நான் போன்ல சொல்லிக்கிறேன்.”

“புதன்கிழமை வீட்டுக்காரரு வரணும்னு டாக்டரு சொன்னாரு.”

“நீங்க வாங்க.” தனுஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “இன்னொண்ணு. அந்தத் தல வார்ற வீடியோ, அத மட்டும் அழிச்சிடாதீங்க. எனக்கு அனுப்புங்க. அவரு என் தலைய வார்றத நான் பாத்ததே இல்ல. எனக்குப் பின்னாடிதானே இருக்காரு.”

துளசி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். பொறாமையோடு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று எடுத்தது. அதுவும் கடைசியில் அவளுக்கே பரிசாகப் போகிறது.

கேட்டுக்கு வெளியே நவமணி நின்றுகொண்டிருந்தார். கையில் போன். முகம் சரியில்லை. பின்னால் ஹரீஷ், கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

“துளசி, எறங்கு. இது என்ன?”

போனில் குடும்பக் குரூப். ஜெகதீஸ்வரி சற்று முன் போட்டிருந்தாள். ஹரீஷின் விரல்கள், தனுஜாவின் கூந்தல், கீழே ‘மகாராணிக்கு சேவகம்’. சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சிரித்துக் கொட்டியிருந்தார்கள்.

“நம்ம ஹால்ல எடுத்தது. வீட்டு ஆளுதான் எடுத்திருக்கணும்,” என்றார் நவமணி. “நீயா?”

துளசி ஹரீஷைப் பார்த்தாள். ஹரீஷ் அவளைப் பார்க்கவில்லை. அதுதான் சுட்டது.

“நாந்தான் அத்தை எடுக்கச் சொன்னேன்.”

தனுஜா காடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடது கண் முழுதாக மூடியிருந்தது. ஒவ்வொரு சொல்லாக மூக்கு வழியாக வந்தது. “டாக்டருக்குக் காட்ட. அக்கா எடுத்த வீடியோ இல்லன்னா டாக்டரு என்னை நம்பியே இருக்க மாட்டாரு. ஜெகா அண்ணிகிட்ட அது எப்படிப் போச்சோ, வெளையாட்டுக்குப் போட்டிருப்பாங்க. விடுங்க லா.”

நவமணி துளசியைப் பார்த்த பார்வை மாறியது. “அப்படியா துளசி?”

துளசி தலையை ஆட்டினாள். நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். திட்டுவதற்கு எல்லா நியாயமும் இருந்த நேரத்தில் திட்டாமல் காப்பாற்றிவிட்டாள். இதிலும் ஜெயித்தது அவள்தான்.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். நவமணி தே கலக்கிக்கொண்டு வந்தார். ஹரீஷ் தனுஜாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, மாத்திரைப் பையைப் பிரித்துப் பார்த்தான்.

“அண்ணி, டாக்டரு என்ன சொன்னாரு? நெசத்தச் சொல்லுங்க. இவ சொன்னா நான் நம்ப மாட்டேன்.”

எல்லோரும் துளசியையே பார்த்தார்கள். அந்த வீட்டில் எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக் காத்திருப்பது இதுதான் முதல் தடவை. தனுஜாவின் திறந்திருந்த ஒற்றைக் கண் கெஞ்சியது.

சொன்னால் ஹரீஷ் போக மாட்டான். இங்கேயே இருப்பான். தினமும் சாயங்காலம் இதே ஹாலில் சீப்பை எடுப்பான், விரலால் சிக்கைப் பிரிப்பான், வலிக்குதா என்று கேட்பான். அத்தை பார்த்துப் பூரிப்பார். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பிளைட். மூன்று மாதம் அந்தக் காட்சி இல்லை.

“ஒண்ணும் பயப்பட வேணாம் தம்பி. கண்ணு நரம்புல வீக்காம். மாத்திரை குடுத்திருக்காரு. நீ நிம்மதியா போயிட்டு வா.”

சொல்லி முடித்த பிறகுதான், இதைத் தனுஜாவுக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா என்று தேடினாள். தெரியவில்லை.

ஹரீஷ் மூச்சு விட்டான். “அப்பாடா.” கை நீட்டித் தேயை எடுத்து மனைவியிடம் கொடுத்தான்.

தனுஜா துளசியைப் பார்த்துச் சிரித்தாள். மேல் உதடு மட்டும் தூக்கியது. துளசிக்கு இப்போது அது சிரிப்பு என்று தெரியும். பிறகு கோப்பையை வாயில் வைத்து ஒரு வாய் குடித்தாள்.

தே மூக்கு வழியாக வந்தது.

தனுஜா சட்டென்று துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு இருமினாள். “பொரையேறிடுச்சி, வேற ஒண்ணும் இல்ல,” என்றாள். நவமணி தலையில் தட்டினார். ஹரீஷ் சிரித்துக்கொண்டே துண்டு எடுக்க ஓடினான்.

துளசி மட்டும் அசையவில்லை. அவள் கண்முன் ஒரு தட்டு இருந்தது. பாதி தின்று தள்ளிவைத்த தட்டு. ரசம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.